சிசிஎன்ஏ முடித்தவர் அடுத்து எதை எடுக்கலாம்?

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பின்னர் பொறியியல் பட்டம் பெற்றேன். சென்னையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது எல்-2 எனும் இரண்டாம் நிலை ஆதரவுப் பணியில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களின் விபிஎன் (இணையத்தின் வழியே அமையும் பாதுகாப்பான தனிவழி) இணைப்புகளைக் கவனிப்பதும் ஃபயர்வால் விதிகளை மாற்றுவதும் என் அன்றாடப் பணி. வாடிக்கையாளர்களில் சிலர் தங்கள் சர்வர்களை அமேசான் நிறுவனத்தின் ஏடபிள்யூஎஸ் கிளவுடுக்கு மாற்றி வருகிறார்கள். என் சிசிஎன்ஏ சான்றிதழ் (சிஸ்கோ நிறுவனத்தின் அசோசியேட் நிலை நெட்வொர்க் சான்றிதழ்) இன்னும் எட்டு மாதங்களில் காலாவதியாகிறது. இரவுப் பணியிலிருந்து வெளியே வர விரும்புகிறேன். இதற்கென 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். சிசிஎன்ஏவுக்கு அடுத்த நிலையான சிசிஎன்பி, ஏடபிள்யூஎஸ், ஹேக்கிங் முறைகளைக் கற்பிக்கும் சிஇஎச் ஆகிய மூன்றில் எதை எடுக்கலாம்? 85,000 ரூபாய்க்கு ஐந்து சான்றிதழ்களும் வேலை உத்தரவாதமும் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. அதில் சேரலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வை எடுங்கள். அதற்குப் படிக்கும்போதே லினக்ஸ் இயங்குதளத்தையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பயிற்சி மையத்துக்கு 85,000 ரூபாய் கொடுக்க வேண்டாம்.

இந்த முடிவுக்கு நான் வந்ததற்கு ஏடபிள்யூஎஸ் என்ற பெயருக்குச் சந்தையில் உள்ள மதிப்பு முதற்காரணம் அன்று. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் இரண்டு செய்திகளே முதற்காரணம். நீங்கள் அன்றாடம் விபிஎன் இணைப்புகளைப் பார்க்கிறீர்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் ஏடபிள்யூஎஸ்-க்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த விபிஎன் இணைப்புகளின் மறுமுனை இனி ஏடபிள்யூஎஸ்-க்குள் இருக்கப்போகிறது. ஒரு முனையில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர் மறுமுனையையும் கற்றுக்கொண்டால், இணைப்பு விழும்போது இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பேசக்கூடியவர் ஆகிவிடுகிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிப்பட்டவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. கிளவுட் படித்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு ரூட்டிங் என்று தொடங்கினாலே தடுமாற்றம் வந்துவிடுகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் மைக்ரோசாஃப்ட் அஷ்யூருக்குப் போய்க்கொண்டிருந்தால் இதே காரணத்துக்காக அதன் நிர்வாகிகளுக்கான ஏஇசட்-104 தேர்வை எழுதுங்கள் என்று சொல்லியிருப்பேன். அடுத்த சான்றிதழை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வேலையை வைத்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது; படித்ததை மறுவாரமே பயன்படுத்த வாய்ப்பில்லாத சான்றிதழ் வேலையில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

தேர்வைப் பற்றிய விவரங்களைப் பார்ப்போம். இப்போது நடைமுறையில் இருப்பது எஸ்ஏஏ-சி03 என்ற பதிப்பு. 2022 ஆகஸ்ட் இறுதியில் அறிமுகமானது. பதிவு செய்யும் முன் ஏடபிள்யூஎஸ் தளத்தில் அதுவே நடப்புப் பதிப்பா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். மொத்தம் 65 கேள்விகள், 130 நிமிடங்கள், 1,000-க்கு 720 பெற்றால் தேர்ச்சி. கட்டணம் 150 டாலர். வரியுடன் சேர்த்தால் 15,000 ரூபாயை ஒட்டி வரும். சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். தேர்ச்சி பெற்றால் அடுத்து எழுதும் ஏடபிள்யூஎஸ் தேர்வுக்குப் பாதிக் கட்டணச் சலுகை கிடைக்கும். தவறினால் 14 நாட்கள் கழித்து மறுபடி முழுக் கட்டணம் செலுத்தி எழுதலாம். நீங்கள் வைத்திருக்கும் தொகையில் ஒருவேளை இரண்டாம் முறை எழுத நேர்ந்தாலும் சமாளிக்கலாம் என்பதை மனத்தில் வைத்தே இதைப் பரிந்துரைக்கிறேன்.

இந்தத் தேர்வின் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு பாதுகாப்பான வடிவமைப்புக்கு உரியது. அதில் பெரும்பகுதி உங்களுக்குப் பழகிய களமே, பெயர்கள்தாம் புதியவை. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். சிசிஎன்ஏ படித்தபோது /28 சப்நெட்டில் (நெட்வொர்க்கில் 16 முகவரிகள் கொண்ட சிறு பகுதியில்) 14 கருவிகளுக்கு முகவரி தரலாம் என்று படித்திருப்பீர்கள். ஏடபிள்யூஎஸ்-இல் அதே /28 சப்நெட்டில் 11 முகவரிகளே உங்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கு முகவரிகளையும் கடைசி முகவரியையும் ஏடபிள்யூஎஸ் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அதைப்போலவே, அங்கே செக்யூரிட்டி குரூப் என்று சொல்லப்படுவது உங்கள் ஃபயர்வாலைப் போல இணைப்பின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும் பதிலைத் தானாகவே அனுமதிக்கும். நெட்வொர்க் ஏசிஎல் என்பதோ நீங்கள் ரவுட்டரில் எழுதிய பழைய அணுகல் பட்டியலைப் போன்றது; போவதற்கும் வருவதற்கும் தனித்தனியே விதி எழுத வேண்டும். நெட்வொர்க் பின்னணி இல்லாதவர்கள் இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்கிறார்கள். நீங்கள் ஒருமுறை படித்தாலே அது தங்கிவிடும்.

நேர்முகத் தேர்வில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வெளியிலிருந்து நேரடியாக அணுக முடியாத பிரைவேட் சப்நெட்டில் ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது, அந்தச் சர்வரால் இணையத்திலிருந்து அப்டேட்களைப் பெற முடியவில்லை, எங்கெங்கே பார்ப்பீர்கள்? அந்தச் சப்நெட்டின் ரூட் டேபிளில் (போக்குவரத்து எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியலில்) இணையத்துக்கான வழி, உள்ளிருந்து வெளியே போக மட்டும் இடம்தரும் நாட் கேட்வேயை நோக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நாட் கேட்வே பப்ளிக் சப்நெட்டில் வைக்கப்பட்டிருக்கிறதா, அந்தச் சப்நெட்டிலிருந்து இன்டர்நெட் கேட்வேக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செக்யூரிட்டி குரூப் வெளியே போகும் போக்குவரத்தை அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, யாராவது நெட்வொர்க் ஏசிஎல்லை மாற்றி, பதில் திரும்பி வரும் 1024 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளை அடைத்துவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். சான்றிதழ் வைத்திருப்பவர்களில் கணிசமானோர் முதலிரண்டு படிகளோடு நின்றுவிடுகிறார்கள். தானே ஒருமுறை அமைத்துப் பார்த்து, உடைத்து, சரிசெய்தவர் கடைசிப் படி வரை வந்துவிடுகிறார். ஆகவே காணொளி பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்துக்குக் குறையாத நேரத்தைச் சொந்தக் கணக்கில் செய்து பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள்.

சொந்தக் கணக்கு என்றதும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கணக்கைத் திறந்தவுடன், வேறெதையும் தொடும் முன், பட்ஜெட் அலெர்ட் வைத்துவிடுங்கள். நாட் கேட்வேயை நீங்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், அது இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரி முதல் பப்ளிக் ஐபிவி4 முகவரிகளுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. பயிற்சி முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தூங்கப் போங்கள். இதை மறந்து மாத இறுதியில் கார்டில் வந்த தொகையைப் பார்த்துத் திகைத்துப் படிப்பையே விட்டவர்களை நான் அறிவேன்.

நீங்கள் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி ஒன்றை நானே சொல்கிறேன், ஏனெனில் இது உங்களுக்கென்றே பொருந்தி வருகிறது. ஏடபிள்யூஎஸ்-க்குள் உங்களுக்கென அமையும் தனி நெட்வொர்க்குகளான விபிசிகள் இரண்டை உருவாக்குங்கள். ஒன்றை வாடிக்கையாளரின் அலுவலகம் என்று வைத்துக்கொண்டு, அதில் ஒரு லினக்ஸ் சர்வரை நிறுத்தி, ஸ்ட்ராங்ஸ்வான் என்ற விபிஎன் மென்பொருளை நிறுவுங்கள். மற்றொன்றில் ஏடபிள்யூஎஸ் தரும் சைட்-டு-சைட் விபிஎன்னை அமைத்து இரண்டையும் இணையுங்கள். அந்த இணைப்பு எப்போதும் இரண்டு டன்னல்களோடு, அதாவது இரண்டு தனிப் பாதைகளோடு, வரும். ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, போக்குவரத்து மற்றொன்றுக்கு மாறுகிறதா, எவ்வளவு நேரத்தில் மாறுகிறது, மாறாவிட்டால் ரூட்டிங்கில் எங்கே தடை என்று குறிப்பெடுங்கள். முதலில் வழிகளைக் கையால் எழுதும் ஸ்டாட்டிக் ரூட்டிங், பிறகு வழிகளைத் தானாகவே பரிமாறிக்கொள்ளும் பிஜிபி. இதைச் செய்து முடித்து, படத்தோடு ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டால், அந்த ஒரு பக்கம் நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அதிக நேரம் உங்களுக்காகப் பேசும். லினக்ஸும் இதன் வழியாகவே கைக்கு வந்துவிடும்.

லினக்ஸை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிளவுடில் நீங்கள் தொடப்போகும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ். கட்டளை வரியில் ஒரு லாகை (செயல்பாட்டுப் பதிவை)த் தேடிப் படிக்கவும், ஒரு சேவை ஏன் எழவில்லை என்று பார்க்கவும் தெரியாமல் கிளவுட் பொறியாளராக வேலை பார்ப்பது கடினம். இப்போதைக்கு அதற்குத் தனித் தேர்வு வேண்டாம். அடுத்த ஆண்டு ரெட் ஹேட் நிறுவனம் லினக்ஸ் நிர்வாகத்துக்கென நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வைப் பற்றி யோசியுங்கள். அது எனக்குப் பிடித்த தேர்வு. அதில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. மூன்று மணி நேரம் ஓர் இயந்திரத்தின் முன் அமர்ந்து, கேட்ட வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்கினாலும் நீங்கள் செய்த அமைப்புகள் அப்படியே நிற்க வேண்டும். 300-க்கு 210 பெற வேண்டும். டிஸ்க் இணைப்புக்கான எஃப்ஸ்டேப் கோப்பில் ஒரு வரியைப் பிழையாக எழுதிவிட்டால் இயந்திரம் எழாமலேயே நின்றுவிடக்கூடும். செய்யத் தெரிந்தவரே தேற முடியும் என்பதால், ஆள் எடுப்பவர்களிடம் அதற்குத் தனி மரியாதை இருக்கிறது.

இனி சிசிஎன்பி. அது நல்ல சான்றிதழ், கடினமானது, அதைப் பெற்றவரை நான் மதிக்கிறேன். ஆனால் என்டர்ப்ரைஸ் பிரிவில் அதைப் பெற என்கோர் என்ற முதன்மைத் தேர்வையும், அதன்பின் ஒரு சிறப்புத் தேர்வையும் எழுத வேண்டும். 400 டாலரும் 300 டாலருமாக மொத்தம் 700 டாலர். முதல் தேர்வுக்கே, வரியோடு, நீங்கள் சேர்த்திருக்கும் தொகை முழுவதும் போய்விடும். பெரிய தரவு மையங்களிலோ தொலைத்தொடர்பு நிறுவனங்களிலோ நெட்வொர்க் வடிவமைப்பாளராக ஆவதே உங்கள் விருப்பம் என்றால் நான் மறுபேச்சின்றி அதையே சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு விருப்பம் தென்படவில்லை. இரவுப் பணியிலிருந்து வெளிவருவதே நோக்கம் என்றால், சிசிஎன்பி உங்களை எல்-3 நிலைக்கு உயர்த்தலாம். ஆனால் எல்-3 பொறியாளரின் கைப்பேசியும் நள்ளிரவில் ஒலிக்கத்தான் செய்யும்.

காலாவதியாகும் சிசிஎன்ஏவைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. அதைக் காப்பாற்றத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சிஸ்கோவின் தொடர்கல்வித் திட்டத்தில் 30 கிரெடிட்களை மூன்று ஆண்டுக் காலத்துக்குள் சேர்த்துவிட்டால் அசோசியேட் நிலைச் சான்றிதழ் புதுப்பிக்கப்படும். அந்தக் கிரெடிட்கள் தரும் படிப்புகளில் சிலவற்றைச் சிஸ்கோ அவ்வப்போது இலவசமாகவே திறந்துவிடுகிறது. உங்களிடம் எட்டு மாதங்கள் உள்ளன. இந்த வாரமே சிஸ்கோ கணக்கில் நுழைந்து உங்கள் பெயரில் எத்தனை கிரெடிட்கள் இருக்கின்றன என்று பாருங்கள். சேர்க்க முடியாமல் காலாவதியாகிவிட்டாலும் பெரிய இழப்பில்லை. தேர்ச்சி பெற்ற ஆண்டைக் குறிப்பிட்டுத் தன்விவரக் குறிப்பில் அதை எழுதலாம். ஐந்து ஆண்டுகள் அந்த வேலையையே செய்திருப்பவரிடம் யாரும் அதைத் துருவ மாட்டார்கள்.

சிஇஎச் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது செலவு: அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் சேர வேண்டும், அல்லது இரண்டு ஆண்டு பாதுகாப்புத் துறை அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும், எந்த வழியில் போனாலும் ஏடபிள்யூஎஸ் தேர்வைவிடப் பல மடங்கு ஆகும். இரண்டாவது காரணமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிஇஎச் முடித்தவர்கள் இங்கே பெரும்பாலும் நுழையும் இடம் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம். அதுவும் 24 மணி நேரமும் இயங்கும் மையம். அங்கும் மூன்று ஷிஃப்ட். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, இந்திய நிறுவனங்கள் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இதனால் அந்தத் துறையில் ஆட்களின் தேவை கூடியிருப்பது உண்மைதான். அதே காரணத்தால் அங்கே இரவுப் பணியும் விலகப்போவதில்லை. இரவுப் பணியை விட்டு வர நினைக்கும் ஒருவருக்கு அந்தக் கதவைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஃபயர்வால் அனுபவம் உள்ள நீங்கள் பாதுகாப்புத் துறைக்குப் பின்னொரு நாள் கிளவுட் வழியாகவே போகலாம். அப்போது அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ் பற்றிப் பேசுவோம். அதற்கு எட்டுக் களங்களில் குறைந்தது இரண்டில் ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், பட்டத்துக்கு ஓராண்டு கழித்துக்கொள்வார்கள்.

பயிற்சி மையத்தின் விளம்பரத்துக்கு வருகிறேன். 85,000 ரூபாய்க்கு ஐந்து சான்றிதழ்கள் என்கிறார்கள். தேர்வுக் கட்டணங்கள் அதில் அடங்கியிருக்கின்றனவா, அல்லது அவை பயிற்சி முடித்ததற்காக அவர்களே அச்சிட்டுத் தரும் சான்றிதழ்களா என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். வேலை உத்தரவாதம் என்பதற்கு என்ன பொருள், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வராது என்பது என் கணிப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குறுகிய காலத்தில் பல சான்றிதழ்கள் என்று சொல்லும் இடங்களில் சில, தேர்வில் வந்த கேள்விகளையே தொகுத்து வைத்திருக்கும் டம்ப்புகளைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தை அது மீறுகிறது. கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்துசெய்வார்கள். ரத்தாகாமல் தப்பினாலும், மேலே சொன்ன நாட் கேட்வே கேள்வியின் முன் அது உங்களைக் கைவிட்டுவிடும். மாதிரித் தேர்வுகள் வேறு; விடைக்கான காரணத்தை விளக்கும் மாதிரித் தேர்வுகளைத் தாராளமாக எழுதிப் பழகுங்கள்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒரு யோசனை. உங்கள் நிறுவனம் ஏடபிள்யூஎஸ்-இன் கூட்டாளி நிறுவனமா என்று விசாரியுங்கள். கூட்டாளி நிறுவனங்கள் தங்கள் தகுதிநிலையைப் பெறவும் தக்கவைக்கவும் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதனால் நீங்கள் தேர்ச்சி பெறுவதில் அவர்களுக்கும் ஆதாயம் உண்டு. மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டமோ வவுச்சரோ இருக்கலாம். அதற்குப் பதிலாக ஓராண்டு, ஈராண்டு நிறுவனத்தை விட்டுப் போகக்கூடாது என்று கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளை முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள். 15,000 ரூபாய்க்காக இரண்டு ஆண்டுகளைக் கட்டிப்போடுவது உங்களுக்கு நட்டம். அதே பேச்சில், ஏடபிள்யூஎஸ்-க்கு மாறும் வாடிக்கையாளர்களின் பணியில் உங்களையும் சேர்க்கும்படி கேளுங்கள். கட்டணத்தைவிட இந்தக் கோரிக்கையே பெரியது. பகல்நேரத் திட்டப்பணிக்குள் நுழைய உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் வழி அதுதான்.

படிப்பதற்கு நான்கு மாதங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்ததை நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் ஏடபிள்யூஎஸ் தேர்வுகளுக்கு 30 நிமிடம் கூடுதல் நேரம் தரப்படுகிறது. கேள்விகள் நான்கைந்து வரிகளுக்கு நீளும் தேர்வில் இந்த அரை மணி நேரம் பெரிய உதவி. ஆனால் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் சான்றிதழ்க் கணக்கில் அதைக் கோரிப் பெற்றிருக்க வேண்டும். பதிவு செய்தபின் கேட்டால் அந்தத் தேர்வுக்குப் பொருந்தாது. கணக்கில் பெயரைப் பதியும்போதும் கவனம் வேண்டும். நம் பெயர்களில் முதலெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் தந்தை பெயராக விரிந்து பின்னால் இருக்கும். தேர்வு மையத்தில் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே பெயரைப் பதிந்துவிடுங்கள். கூடுதல் நேரம் உறுதியானதும் உங்கள் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள். இரவுப் பணி முடிந்த காலையிலோ அதற்கு அடுத்த நாளிலோ வைத்துக்கொள்ள வேண்டாம், வார விடுப்பின் இரண்டாம் நாளாக இருக்கட்டும்.